டெல்டா நகரம் ஒன்றின் குடிநோய் மறுவாழ்வு மையம்: சேர்த்துவிட்டவர் தரப்பிலிருந்து ஒரு மதிப்புரை

காவிரி டெல்டாவின் மாவட்டத் தலைநகரம் ஒன்றில், மத்திய சமூக நீதி மற்றும் அதிகாரமளித்தல் அமைச்சகத்தின் நிதியுதவியுடன் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திவரும் 15 படுக்கைகள் கொண்ட மறுவாழ்வு மையத்தைப் பற்றிய மதிப்புரை இது. ஊராட்சி அளவிலான மகளிர் குழுக் கூட்டமைப்பில் பணியாற்றுபவள் என்ற முறையில் எங்கள் பகுதியிலிருந்து பலரை அங்கே சேர்த்திருக்கிறேன். அவர்கள் வீடு திரும்பிய பிறகு என்ன ஆனார்கள் என்பதையும் அருகிலிருந்து பார்த்துவருகிறேன். மையத்தின் பெயரை எழுதவில்லை. சிறிய ஊர் என்பதால் சிகிச்சை பெற்றவர்களை எளிதில் அடையாளம் கண்டுவிடுவார்கள் என்பது ஒரு காரணம். குறைகளையும் ஒளிக்காமல் சொல்லப் போகிறேன் என்பது இன்னொன்று. இதே திட்டத்தின் கீழ் வேறு மாவட்டங்களில் நடக்கும் மையங்களுக்கு யாரையேனும் அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், அங்கே எதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கு இது பயன்படக்கூடும்.

கட்டடம் பழையது, ஆனால் சுத்தமாக இருக்கிறது. சாப்பாடு வீட்டுச் சாப்பாடு போலவே இருக்கிறது. கட்டணம் வாங்குவதில்லை. யாரையும் பூட்டி வைப்பதில்லை, அடிப்பதில்லை என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது. மது, போதைப் பழக்கத்தால் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்து, சங்கிலியால் கட்டுவதை அறவே தடைசெய்த மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இல் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பதிவு பெறாத இடங்களில் ஆட்களைக் கட்டி வைத்திருந்த செய்திகளைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். எந்த மையமானாலும் உள்ளே நுழைந்ததும் பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இங்கே அது வரவேற்பறைச் சுவரிலேயே மாட்டப்பட்டிருக்கிறது.

இவையெல்லாம் அடிப்படைத் தேவைகள். நான் இந்த மையத்தை மதிப்பது வேறொரு காரணத்துக்காக. குடியை நிறுத்தும்போது உடல் படும் பாடு ஒரு வாரத்தில் அடங்கிவிடும்; மையத்தில் தங்குவது ஏறக்குறைய ஒரு மாதம். அதன் பிறகு அந்த மனிதர் திரும்பிப் போவது அதே கூலிக்கும், அதே கடனுக்கும், அதே தெருவுக்கும்தான். ஆகவே, மருத்துவமனை, காசநோய்ப் பிரிவு, மகளிர் குழு, வேலை கொடுப்பவர், கிராம சுகாதாரச் செவிலியர், சமூக நலத்துறை ஆகியவற்றோடு ஒரு மையம் எவ்வளவு நெருக்கமாகச் சேர்ந்து இயங்குகிறது என்பதை வைத்தே அதன் தரத்தைச் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். அந்த வகையில் இந்த மையம் சில இடங்களில் மிக நன்றாகவும், சில இடங்களில் வேதனை தரும் அளவுக்கு மோசமாகவும் நடந்துகொண்டிருக்கிறது.

முதலில் மருத்துவமனையுடனான உறவு. நாள்தோறும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் நினைவு தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்து, உயிருக்கே ஆபத்தாகும் நிலையும் சிலருக்கு வரும். இந்த மையத்தில் இருப்பவரோ பகுதிநேர மருத்துவர். அதை உணர்ந்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவோடு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சேர வருபவர் முதலில் அங்கே பரிசோதிக்கப்படுகிறார். முன்பு வலிப்பு வந்தவர்கள், மஞ்சள் காமாலை கண்டவர்கள் ஆகியோரை ஆபத்தான அந்த நாட்கள் கழியும்வரை மருத்துவமனையிலேயே வைத்துப் பார்த்து, பி1 வைட்டமின் ஊசியும் நடுக்கத்தை அடக்கும் மருந்தும் கொடுத்து, தெளிந்த பிறகு மையத்துக்கு மாற்றுகிறார்கள். மாற்றும்போது சிகிச்சைக் குறிப்புகள் கையோடு வந்துவிடுவதால், அதே கேள்விகளுக்கு அந்த மனிதர் மறுபடியும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இந்த ஏற்பாடு அலுவலக நாட்களில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. தீபாவளியை ஒட்டிய விடுமுறையில் எங்கள் ஊராட்சியைச் சேர்ந்த ஒருவர், தானே மனம்மாறிக் குடியை நிறுத்திவிட்டு, தம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கும் நிலையில் மையத்துக்கு வந்தார். அலுவலகம் திறந்த பிறகு வரும்படி சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிரவு வீட்டில் அவருக்கு வலிப்பு வந்தது. 108 வாகனம் வந்ததால் பிழைத்தார். சேர்க்க இடமில்லை என்றால்கூட, நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் குடும்பத்தின் சார்பில் எழுத்துமூலமாகப் புகார் கொடுத்தோம். இப்போது வாயிற்காவலரிடம் மருத்துவமனையின் எண்ணும், எந்த அறிகுறி இருந்தால் உடனே அனுப்ப வேண்டும் என்ற குறிப்பும் தமிழில் எழுதிக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. விடுமுறை நாளில் பணியில் மருத்துவர் இருக்கும் நிலை இன்னும் வரவில்லை.

காசநோய்ப் பிரிவோடு உள்ள இணைப்பில் நல்ல மாற்றம் தெரிகிறது. குடிப்பவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். மாத்திரையைப் பாதியில் விடுவதும் அவர்களிடையே அதிகம். முன்பெல்லாம் இருமல் இருந்தாலே மற்றவர்களுக்குப் பரவிவிடும் என்று சேர்க்கத் தயங்குவார்கள். இப்போது சேரும்போதே சளிப் பரிசோதனை செய்து, நோய் உறுதியானால் தொற்றும் காலம் கடந்த பிறகு படுக்கை ஒதுக்குகிறார்கள். காசநோய் மாத்திரைகளை மையத்திலேயே நேரம் தவறாமல் கொடுக்கிறார்கள். காசநோயாளிகளுக்கு மத்திய அரசு தரும் ஊட்டச்சத்து உதவித்தொகை 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கி, 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. கூலி இல்லாத காலத்தில் அது பெரிய பணம். வங்கிக் கணக்கு விவரத்தை ஆலோசகரே அந்தப் பிரிவுக்கு அனுப்பிவிடுகிறார்.

இனி, இந்த மையத்தின் உண்மையான சிறப்புக்கு வருகிறேன். வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய வாரத்தில் ஒரு கூட்டம் நடத்துகிறார்கள். சிகிச்சை பெற்றவர், அவர் வீட்டார், ஆலோசகர் ஆகியோரோடு, அவர் சம்மதிக்கும் வெளியாட்கள் இரண்டு மூன்று பேரும் அதில் உட்காருவார்கள். ஆலோசகரின் மேசையில் சிவப்பு அட்டை போட்ட ஒரு நீள நோட்டு இருக்கும். ஒவ்வொருவருக்கும் எதிரெதிராக இரண்டு பக்கங்கள். இடது பக்கத்தில், முன்பு எப்போதெல்லாம் குடியை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார், அந்த நாளில் என்ன நடந்தது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதியிருப்பார்கள்: சனிக்கிழமைக் கூலி, மைத்துனன் வீட்டுக் காதுகுத்து, குழுக் கடன் தவணை, அறுவடை முடிந்து வேலை இல்லாத மாதம். வலது பக்கத்தில் ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் ஆளின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். பெயர் எழுதப்படாத வரி ஒன்று இருந்தாலும் ஆலோசகர் கூட்டத்தை முடிக்க மாட்டார்.

ஒரு கொத்தனாருக்காக நடந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். சனிக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குக் கூலி கைக்கு வரும். டாஸ்மாக் கடை இரவு பத்து மணிவரை திறந்திருக்கும். அவருடைய இடதுபக்கத்தில் பாதிக்கு மேல் சனிக்கிழமைகளே நிறைந்திருந்தன. ஆலோசகர் முதலில் அவரிடமே கேட்டார்: “உங்க கூலியை வீட்டுல குடுக்கச் சொல்லலாமா? நீங்க சரின்னு சொன்னா மட்டும்தான் மேஸ்திரிகிட்டப் பேசுவேன்.” அவர் வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையசைத்தார். அதன் பிறகுதான் வெளியே காத்திருந்த மேஸ்திரியை உள்ளே அழைத்தார்கள். “கைத்தொழில் சுத்தமாத் தெரிஞ்ச ஆளு சார். அவன் ஒழுங்கா வந்தா எனக்குத்தான் லாபம். ஞாயித்துக்கிழமை காலையில தங்கச்சி கையில குடுத்துடறேன்” என்றார் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்குத்தான் கடை திறக்கும். அதற்குள் வாரத்துக்கான அரிசியும் மளிகையும் வாங்கியாகிவிடும். எந்த மருந்தும் செய்ய முடியாத காரியத்தை இந்தச் சின்ன ஏற்பாடு செய்தது. அவர் ஒரு முறை மீண்டும் குடித்தார். அந்த வாரமே மேஸ்திரி மையத்துக்குத் தகவல் சொல்ல, சிகிச்சை உடனே தொடர்ந்தது. ஆறு மாதம் குடித்துத் தீர்த்த பிறகு திரும்பி வருவதற்கும், மூன்றாம் நாளே திரும்பி வருவதற்கும் உள்ள வித்தியாசத்தை அவர் குடும்பத்தைக் கேட்டால் தெரியும்.

நோட்டின் வலப்பக்கத்தில் பெரும்பாலும் இடம்பெறுபவர் கிராம சுகாதாரச் செவிலியர். மது குடித்தால் வாந்தியும் படபடப்பும் வரவழைக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையை மருத்துவர் சிலருக்கு எழுதித் தருவார். அதை உண்பவர் எதையெல்லாம் தவிர்க்க வேண்டும் என்பதைச் செவிலியருக்கும் சொல்லி அனுப்புகிறார்கள். இதே மருந்தைச் சாம்பாரிலோ காபியிலோ தெரியாமல் கலந்துகொடுக்கச் சொல்லி விற்பவர்கள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். தெரியாமல் உண்டுவிட்டுக் குடிப்பவருக்கு இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதை வீடு வீடாகச் சொல்ல இந்தச் செவிலியர்களால்தான் முடிகிறது.

கடன் விஷயத்தில் மையம் எங்கள் கூட்டமைப்போடு சேர்ந்து வேலை செய்தது எங்களுக்கும் ஒரு பாடம். குடிப்பவர் வீட்டில் மனைவியின் பெயரில் இரண்டு மூன்று குழுக் கடன்கள் இருப்பது சாதாரணம். கணவர் சிகிச்சையில் இருக்கும் மாதத்தில் வருமானம் நின்றுவிடும், தவணை நிற்காது; தவணை தவறிய அவமானத்தோடு அவர் வீடு திரும்பினால் முதல் சண்டை அதிலிருந்தே தொடங்கும். ஆலோசகர் எங்கள் கூட்டத்துக்கு வந்து இதை விளக்கிய பிறகு, சிகிச்சைக் காலத்திலும் அடுத்த இரண்டு மாதங்களிலும் வட்டியை மட்டும் கட்டினால் போதும் என்று தீர்மானம் போட்டோம். தனியார் நிதி நிறுவனங்கள் இதற்கெல்லாம் மசியவில்லை. 2023 செப்டம்பரிலிருந்து வரும் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் பெண்ணின் கணக்கில் விழுந்தாலும், ஏடிஎம் அட்டை யார் சட்டைப்பையில் இருக்கிறது என்ற கேள்வி உண்டு. சேர்க்கை நாளிலேயே அதை மனைவியிடம் தனியாகக் கேட்கும்படி நாங்கள் சொன்ன யோசனையை மையம் ஏற்றுக்கொண்டது.

மையத்தோடு எனக்குள்ள மிகப் பெரிய மனக்குறை, வீட்டு வன்முறையைக் கையாளும் விதம். “அவர் குடியை விட்டுட்டா எல்லாம் சரியாயிடும்மா, கொஞ்சம் பொறுத்துக்கோ” என்று அடிபட்ட பெண்களிடம் சொல்லும் ஆலோசகர் ஒருவர் அங்கே வெகுகாலம் இருந்தார். குடியை விட்ட பிறகும் கை ஓங்கும் ஆண்களை நான் அறிவேன். குடிக்காமலே அடிப்பவர்களையும் அறிவேன். சிகிச்சை நடக்கிறது என்பதற்காகப் புகாரைத் தள்ளிப்போடச் சொல்லும் உரிமை எந்த மையத்துக்கும் கிடையாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி ஒரு பெண் வீட்டைவிட்டு வெளியேறாமலேயே பாதுகாப்பு ஆணையும் அந்த வீட்டில் வசிப்பதற்கான ஆணையும் பெறலாம். இலவச சட்ட உதவி பெறப் பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது. இதையெல்லாம் சொல்லி, சகி ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கோ பாதுகாப்பு அலுவலரிடமோ கைபிடித்து அழைத்துச் செல்ல வேண்டிய இடத்தில், பொறுத்துக்கொள்ளச் சொன்னது பெரும் தவறு. இப்போதுள்ள பெண் ஆலோசகர் மனைவியரைத் தனி அறையில் வைத்துப் பேசுகிறார். 181 மகளிர் உதவி எண்ணும் 15100 சட்ட உதவி எண்ணும் அச்சிட்ட சிறு சீட்டைக் கொடுக்கிறார். கணவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறியதாக அச்சிட்டிருக்கிறார்கள். இந்த அக்கறை ஒருவர் மாறியதால் வந்தது. மையத்தின் எழுதப்பட்ட விதியாக இன்னும் ஆகவில்லை.

பல துறைகள் சேர்ந்து வேலை செய்யும்போது ஒருவருடைய நோய் விவரம் பல காதுகளுக்குப் போகும் என்ற ஆபத்தும் கூடவே வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன், ஓட்டுநர் ஒருவர் சிகிச்சையில் இருப்பதை அவரைக் கேட்காமலே அவருடைய முதலாளியிடம் மையத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்கள். அவருக்கு வேலை போயிற்று. ஊரில் வேறு யாரும் வண்டியைக் கொடுக்கவில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக வைத்திருக்கிறது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஒப்புதல் படிவத்தை மாற்றினார்கள். முதலாளி, மகளிர் குழு, பள்ளி, ஊராட்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரி இருக்கிறது. எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று அவரே குறிக்கிறார். பிறகு மனம் மாறினால் அந்த வரியை அடித்துவிடலாம். கொத்தனாரிடம் ஆலோசகர் முதலில் அனுமதி கேட்டதற்குப் பின்னால் இந்த ஓட்டுநரின் இழப்பு இருக்கிறது.

இப்படி ஊரோடு சேர்ந்து சிகிச்சை தருவது டெல்டாவுக்குப் புதிதல்ல. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய, டி.டி.கே. மருத்துவமனை என்று பரவலாக அறியப்பட்ட அமைப்பு, குடவாசல் அருகேயுள்ள மஞ்சக்குடியில் கிராம முகாம்களை நடத்தியிருக்கிறது. உள்ளூர் அமைப்பு இடமும் உணவும் ஏற்பாடு செய்ய, சிகிச்சைக் குழு சென்னையிலிருந்து வந்து தங்கும். குடும்பத்தாருக்கும் சிகிச்சையில் பங்கு உண்டு. முகாம் முடிந்த பிறகும் தொடர்ந்து வந்து பார்ப்பார்கள். மருத்துவமனைக்கு வர முடியாத கூலித் தொழிலாளியிடம் மருத்துவமனை போகலாம் என்று காட்டிய முயற்சி அது. குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) அமைப்பினர் மையத்தில் வாரம் ஒருமுறை நடத்தும் கூட்டமும் நல்ல துணை. பிற அமைப்புகளுடன் ஒத்துழைப்பது, ஆனால் எதனுடனும் இணைந்துவிடாமல் இருப்பது என்ற தங்கள் மரபை அவர்கள் இங்கும் காக்கிறார்கள். மையம் அவர்களுக்கு ஓர் அறையைத் திறந்துவிடுவதோடு நின்றுகொள்கிறது.

எனக்குள்ள கவலையெல்லாம், இந்த நல்ல காரியங்களில் பெரும்பகுதி ஒரே ஒரு மனிதரின் கைப்பேசியை நம்பி நடக்கிறது என்பதுதான். நிதியுதவி படுக்கைக் கணக்கையும் ஊழியர் எண்ணிக்கையையும் பார்த்து வருகிறது. மேஸ்திரியிடம் பேசிய நேரத்துக்கும், எங்கள் குழுக் கூட்டத்துக்குப் பேருந்து ஏறி வந்த செலவுக்கும் அதில் இடமில்லை. ஆலோசகர்களின் ஊதியம் மிகக் குறைவு. அதுவும் மாதக்கணக்கில் தாமதமாக வருவதை அவர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தச் சிவப்பு அட்டை நோட்டைத் தொடங்கியவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்து வருபவர் அதைத் திறந்து பார்ப்பார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. டெல்லி எய்ம்ஸின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுபவர்கள் இந்தியாவில் 5.7 கோடிக்கும் மேல் என்கிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. அந்த ஒருவரையும் பேருந்துக் காசு கொடுத்துத் தனியாக வீட்டுக்கு அனுப்பிவிட்டால் செய்த செலவு முழுவதும் வீண். துறைகளுக்கு இடையே ஆள்களைத் தொடர்புபடுத்துவதற்கென்றே ஒரு பணியிடத்தைத் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்று மாவட்ட ஆட்சியருக்கு எங்கள் கூட்டமைப்பு மனு கொடுத்திருக்கிறது.

யாருக்கு இந்த மையத்தைப் பரிந்துரைப்பேன்? மது, கஞ்சா பழக்கத்திலிருந்து மீள விரும்பும், கூலி வேலை செய்யும் ஆண்களுக்குத் தயங்காமல் சொல்வேன். பெண்களை இங்கே சேர்ப்பதில்லை. அவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். 2025இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களில் ஒன்று அருகில் இருந்தால் அங்கும் விசாரிக்கலாம். முன்பு வலிப்பு வந்தவர்களை மையத்துக்கு அழைத்துவராமல் நேரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். உங்கள் பகுதியில் எந்த மையம் இருக்கிறது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய உதவி எண்ணில் கேட்கலாம்.

சேர்க்கைக்கு வீட்டார் ஒருவர் உடன் வந்து கையெழுத்திட வேண்டும் என்பது வழக்கம். குடும்பம் கைவிட்டவர்களுக்கு இது பெரும் தடையாக இருந்தது; பலமுறை பேசிய பிறகு, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் கடிதத்தையும் இப்போது ஏற்றுக்கொள்கிறார்கள். உங்கள் ஊர்க் கூட்டமைப்பும் அப்படி ஒரு கடிதம் தரலாம், கேட்டுப் பாருங்கள். வரும்போது ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், பழைய மருத்துவச் சீட்டுகள், வழக்கமாக உண்ணும் மாத்திரைகள் ஆகியவற்றை எடுத்துவாருங்கள். கடைசியாகக் குடித்தது எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதைக் குறைக்காமல் சொல்லுங்கள். நடுக்கத்துக்கான மருந்தின் அளவை மருத்துவர் அதை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்.